பழைய டிராக்டருக்கு அதே பழைய நிறம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பாரு வாங்கிய மாஸி ஃபெர்குசன் டிராக்டர், தோட்டத்துச் சாளையின் ஓரத்தில் தென்னை ஓலை மூடியபடி பல ஆண்டுகள் கிடந்தது. அதை மீட்டு ஓடவைத்த பிறகு, கோபி, காங்கேயம், பொள்ளாச்சி, திருச்செங்கோடு என்று பல ஊர்களிலும் இதே வேலையில் இறங்கியவர்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். எஞ்சினைப் பற்றி அவர்கள் அதிகம் கேட்பதில்லை. அதற்கு நல்ல மெக்கானிக்குகள் நம் பகுதியில் இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வருவன நிறத்தைப் பற்றிய ஐயங்களே. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

கடையில போயி மாஸி சிவப்புன்னு கேட்டாக் குடுத்துருவாங்களே, அதுக்கு மேல என்னங்க இருக்குது?

கடையில் ஒரு சிவப்பு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது இன்றைய வண்டிகளின் சிவப்பு. பழைய வண்டியின் நிறம், அது தயாரான இடத்தையும் ஆண்டையும் பொறுத்தது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை தயாரான ஃபெர்குசன் டி.ஈ. 20, பானெட் முதல் பின்னச்சு வரை சாம்பல் நிறம் கொண்டது. அடுத்து வந்த 35 என்ற மாடல் முதலில் சாம்பலும் வெண்கல நிறமுமாக வந்தது. 1957-இன் இறுதியில்தான் அதன் தகரப் பகுதிகள் சிவப்பாகவும், எஞ்சினும் கியர்பாக்ஸும் சாம்பலாகவும் மாறின. சென்னையில் 1960-இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸி வண்டிகள் அந்தச் சிவப்பு, சாம்பல் வழியில் வந்தவை. ஃபோர்ட்சன் மேஜர் வரிசையும் இப்படித்தான் மாறியது. 1950-களில் அடர்நீல உடலும் ஆரஞ்சுச் சக்கரங்களுமாக இருந்த அந்த வண்டி, 1963-இல் வந்த கடைசி வடிவத்தில் வெளிர்நீலமும் சாம்பலும் பூண்டது.

ஆகவே கடைக்குப் போகுமுன், வண்டியின் தகட்டில் உள்ள சீரியல் எண்ணைக் கொண்டு அது எந்த ஆண்டில் தயாரானது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆண்டு தெரியாமல் நிறம் தேடுவது வீண் அலைச்சல்.

வெளிய எல்லாம் வெளுத்துப் போச்சுங்க. நெசமான நிறத்தை எங்கதான் பாக்கறது?

வெயில் படாத இடத்தில் பார்க்க வேண்டும். டூல்பாக்ஸ் மூடியின் உட்புறம், டேஷ்போர்டின் பின்பக்கம், பானெட்டில் ரப்பர் பீடிங் உட்கார்ந்திருந்த விளிம்பு, மட்காட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் வாஷருக்கு அடிப்பகுதி, சீரியல் எண் தகட்டின் அடிப்பகுதி ஆகியவை நான் முதலில் தேடும் இடங்கள். எஞ்சின் பகுதியின் சாம்பல் நிறத்துக்கு, பல ஆண்டுகளாகக் கிரீஸும் மண்ணும் சேர்ந்து அப்பிக்கிடக்கும் மூலைகளே நல்ல காவல். அந்த அழுக்கு, பெயிண்டைக் காற்றும் வெயிலும் தொடாமல் காத்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அதைத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர விடுங்கள். பேட்டரித் தட்டின் பக்கம் மட்டும் தேட வேண்டாம். அமிலம் பட்ட பெயிண்டின் நிறத்தை நம்ப முடியாது.

அப்படிக் கிடைத்த இடத்திலும் மேற்பரப்பில் மெல்லிய வெண்பூச்சு இருக்கலாம். சுவரில் சுண்ணாம்பு கையில் ஒட்டுவதுபோல, பழைய எனாமல் மேற்பரப்பில் பொடியாக மாறிவிடுகிறது. கார்களுக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் எடுத்து, ஓர் உள்ளங்கை அளவுக்குத் தேய்த்துப் பாருங்கள். பொடி நீங்கியதும் உள்ளே இருக்கும் நிறம் தெரியவரும். எங்கள் வண்டியின் டூல்பாக்ஸ் மூடியில் இப்படித் தேய்த்தபோது, நான் சிறுவனாக அதன் மட்காட்டின் மேல் உட்கார்ந்து போன காலத்துச் சிவப்பு வெளிவந்தது. அந்த மூடியைத்தான் பிறகு எல்லாக் கடைகளுக்கும் மாதிரியாக எடுத்துச் சென்றேன்.

சொரண்டிப் பாத்தா செவப்புக்கு அடியில நீலம் வருது, அதுக்கும் அடியில இன்னொரு செவப்பு வருது. இதுல எது கம்பெனி பெயிண்டுங்க?

கத்தியால் சுரண்டினால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து குழப்பிவிடும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, முதலில் 220, பிறகு 400, இறுதியாக 800 எண் தாள் என்ற வரிசையில், ஓர் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மையத்தில் ஆழமாகவும் ஓரங்களில் மேலாகவும் தேய்த்து வாருங்கள். வெட்டிய மரத்தின் வளையங்களைப்போல ஒவ்வொரு பூச்சும் தனி வளையமாகத் தெரியும். இரும்புக்கு மேல் பிரைமர் இருந்து, அந்தப் பிரைமருக்கு மேல் நேராக உட்கார்ந்திருக்கும் நிறமே பெரும்பாலும் தொழிற்சாலையில் அடித்தது. ஒரு நிறத்துக்கு அடியில் பட்டி தென்பட்டால், அது டிங்கரிங் செய்த பிறகு பூசப்பட்டது என்று கொள்ளலாம். ஒரே இடத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல், முந்தைய விடையில் சொன்ன மறைவான இடங்கள் இரண்டு மூன்றிலாவது அதே நிறம் அதே வரிசையில் வருகிறதா என்று பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய வாகனப் பெயிண்டுகளில், குறிப்பாகச் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில், ஈயம் கலந்த நிறமிகள் பரவலாகப் பயன்பட்டன. இந்தியாவில் 2016-இல் வந்த விதிகள் ஈயத்தை 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குக் கட்டுப்படுத்தியது வீட்டுப் பெயிண்டுகளில்தான். எனவே உலர்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டாம். தண்ணீர் ஊற்றித் தேயுங்கள், முகமூடி அணியுங்கள், குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள், தேய்த்த சேற்றைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.

போன்ல போட்டோ எடுத்து அனுப்பினாக் கலந்து குடுத்துருவாங்களா?

முடியாது. போன் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. பார்ப்பவரின் திரை அதை இன்னொரு முறை மாற்றுகிறது. கடைக்குப் போக வேண்டியது உண்மையான தகரத் துண்டு.

கம்ப்யூட்டர் மெசின்ல வெச்சா அப்படியே வந்துருமுன்னு சொல்றாங்க. நம்பலாமுங்களா?

கார் பெயிண்ட் கடைகளில் இருக்கும் அந்தக் கருவியின் பெயர் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். மாதிரியின் மீது ஒளியைப் பாய்ச்சி, கண்ணுக்குத் தெரியும் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் ஒவ்வொன்றும் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அது அளக்கிறது. பிறகு கடையில் உள்ள நிறமிகளில் எதை எவ்வளவு சேர்த்தால் அதே அளவு கிடைக்கும் என்று கணக்கிட்டுத் தருகிறது. இரண்டு நிறங்களுக்கும் உள்ள இடைவெளியை டெல்டா ஈ என்ற எண்ணால் குறிப்பார்கள். அது 1-ஐ ஒட்டி இருந்தால் பழகிய கண்ணுக்கும் வேறுபாடு அரிதாகவே தெரியும். எனவே கணக்குப் போட்டவுடன் அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

கருவி தனக்குக் காட்டியதை அப்படியே அளக்கும். வெளுத்த மட்காட்டைக் காட்டினால் வெளுத்த சிவப்பையே சரியாகக் கலந்து தரும். அதனால் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்த, தட்டையான, கீறல் இல்லாத பரப்பைக் கொண்டுபோக வேண்டும். வளைந்த பானெட்டைவிட டூல்பாக்ஸ் மூடி இதற்கு ஏற்றது. ஒரே துண்டில் மூன்று நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். கிடைத்த கலவையை முதலில் 100 மில்லி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்.ஏ.எல். நம்பர் ஒண்ணு கெடச்சுது. அதைச் சொல்லியே வாங்கிரலாமுங்களா?

ஆர்.ஏ.எல். என்பது ஜெர்மனியில் 1927-இல் தொடங்கிய நிறப் பட்டியல். தொழிற்சாலைகள் பொதுவாகப் பயன்படுத்தும் அதன் கிளாசிக் வரிசையில் 200-க்குச் சற்று மேற்பட்ட நிறங்களே உள்ளன. நம் நாட்டிலும் ஐ.எஸ். 5 என்ற தரப் பட்டியல் உண்டு. 537 என்றால் சிக்னல் ரெட், 632 என்றால் டார்க் அட்மிரால்டி கிரே என்று பழைய பெயிண்ட் கடைக்காரர்கள் எண்ணைச் சொன்னதும் புரிந்துகொள்வார்கள். ஆனால் டிராக்டர் நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி நிறங்களை வைத்திருந்தன. யாரோ சொல்லும் எண், அந்தப் பட்டியலில் அந்த நிறத்துக்கு அருகில் இருக்கும் ஒன்று என்ற அளவில் மட்டுமே பயன்படும். சிவப்பில் அருகில் இருக்கிறது என்பது, வண்டி முழுவதும் அடித்த பிறகு வெகுதூரமாகத் தெரியும். எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, மூடியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

நாமக்கல் பக்கம் லாரி பெயிண்டருங்க கண்ணுல பாத்தே கலக்கறாங்களே, மெசினைவிட அது மேலுங்களா?

நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறைகளிலும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் கட்டும் இடங்களிலும் வேலை செய்த மூத்த பெயிண்டர்களின் கண்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கருவி கணக்கிட்டுத் தந்த சிவப்பை, ஒருவர் குச்சியால் கலக்கியபடியே பார்த்து, இதில் மஞ்சள் கூடிவிட்டது என்று சொன்னார். உலர்ந்த பிறகு பார்த்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. என் அனுபவத்தில் கருவி நம்மை நிறத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. கடைசி அடியைப் பழகிய கண்ணே எடுத்துவைக்கிறது. இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துங்கள்.

நீங்களே திருத்துவதானால் சிலவற்றை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். சிவப்பை அடர்த்தியாக்கக் கறுப்பை ஊற்றக் கூடாது. அது உடனே பழுப்பாகி அழுக்கேறிவிடும். மெரூனைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். சிவப்பை வெளிறச் செய்ய வெள்ளை சேர்த்தால் இளஞ்சிவப்பாகிவிடும். அதற்குச் சிறிதளவு ஆரஞ்சே சரி. சாம்பலைத் திருத்துவது இதைவிடக் கடினம். ஏனென்றால் கறுப்பும் வெள்ளையும் மட்டும் சேர்த்த சாம்பல் நீலம் பாய்ந்து தெரியும். பழைய எஞ்சின்களின் சாம்பலில் பெரும்பாலும் ஒரு துளி மஞ்சளோ பழுப்போ இருக்கும். ஒவ்வொரு முறை சேர்த்ததையும் எழுதிவைத்து, தகரத்தில் அடித்து, உலர்ந்த பிறகே ஒப்பிட வேண்டும். டப்பாவில் ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறமும், காய்ந்த பிறகு தெரியும் நிறமும் ஒன்றல்ல. எனாமல் பெரும்பாலும் காய்ந்ததும் சற்று இருண்டுவிடும்.

கடையில பாத்தப்ப அச்சு அசலா இருந்துச்சுங்க. தோட்டத்துக்குக் கொண்டாந்தா வேற மாதிரி தெரியுதே?

எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு கடையில் இருட்டும் நேரத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில் மூடியோடு ஒப்பிட்டு ஒரு லிட்டர் கலந்து வாங்கி வந்தேன். மறுநாள் காலை வெயிலில் அந்தப் பெயிண்ட் ஆரஞ்சு பாய்ந்து நின்றது. அந்த ஒரு லிட்டரும் வீணாயிற்று. இரண்டு பெயிண்டுகளில் வெவ்வேறு நிறமிகள் இருந்தால், ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்தவை இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். பட்டுச் சேலையை வாசலுக்கு எடுத்துவந்து பார்த்து வாங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த உண்மை நெடுநாளாகத் தெரியும்.

காலை ஒன்பது, பத்து மணி அளவில், நேர் வெயில் விழாத திறந்த நிழலில், மாதிரியையும் தகரத்தையும் ஒட்டவைத்துப் பாருங்கள். பிறகு நேர் வெயிலிலும், ஒரு முறை விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள். மூன்றிலும் ஒத்துவந்தால் வாங்கலாம். எல்லாவற்றிலும் ஒத்துவராவிட்டால் பகல் வெளிச்சத்துக்கே முதலிடம், ஏனென்றால் டிராக்டர் நிற்கப்போவது வயலில்.

எனாமலா, டூக்கோவா, பி.யூ.வா? எதுல அடிச்சாப் பழைய மாதிரியே இருக்குமுங்க?

பழைய தோற்றம் வேண்டுமென்றால் என் தேர்வு சிந்தெடிக் எனாமல். அதன் பளபளப்பு அடங்கியது. பழைய டிராக்டருக்குப் பொருந்தும். இரண்டு பாகம் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் வெயிலையும் டீசலையும் நன்றாகத் தாங்கும், ஆனால் கண்ணாடிபோல் மின்னும். பளபளப்பு மாறினால் அதே நிறமும் வேறாகத் தெரியும் என்பதால், பி.யூ. அடிப்பவர்கள் கடையில் மேட்டிங் சேர்த்துப் பளபளப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் பக்கம் டூக்கோ என்று சொல்லப்படும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் விரைவில் காய்ந்துவிடும். ஆனால் டீசல் தொடர்ந்து சிந்தும் இடத்தில் நெடுநாள் நிற்பதில்லை.

எதன்மேல் எதை அடிக்கிறோம் என்பதும் முக்கியம். என்.சி. தின்னரில் பஞ்சை நனைத்துப் பழைய பெயிண்டின் மேல் அரை நிமிடம் வையுங்கள். நிறம் கரைந்து பஞ்சில் ஏறினால் அது டூக்கோ. சுருங்கி எழும்பினால் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் பெரும்பாலும் பி.யூ. எனாமலின் மேல் டூக்கோ அடித்தால் அடிப்பூச்சு சுருங்கி முழு வேலையும் கெட்டுவிடும். பி.யூ. ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாத இடத்தில் அதை அடிக்கச் சொல்லாதீர்கள்.

ரெட் ஆக்சைடு அடிச்சுப் போட்டனுங்க. மேல அடிக்கற நிறம் மாறிருமா?

மாறலாம். சிவப்பு, மஞ்சள் பெயிண்டுகள் பலவற்றுக்கு அடியில் இருப்பதை மறைக்கும் ஆற்றல் குறைவு. ரெட் ஆக்சைடின் மேல் அதே சிவப்பு ஆழ்ந்தும், வெளிர்சாம்பல் பிரைமரின் மேல் துலக்கமாகவும் தெரியும். ஒரு தகரத்தில் பாதி வெள்ளையும் பாதி கறுப்பும் அடித்து, அதன்மேல் உங்கள் பெயிண்டை ஒவ்வொரு கோட்டாக அடித்துப் பாருங்கள். இரண்டு பாதிகளுக்கும் வேறுபாடு மறைய எத்தனை கோட்டு ஆகிறதோ, வண்டிக்கும் அத்தனை கோட்டு தேவை. நிறம் பார்க்க அடிக்கும் மாதிரித் தகரத்திலும், வண்டியில் அடித்த அதே பிரைமரையே அடியில் அடிக்க வேண்டும்.

எஞ்சினுக்கும் சைலென்சருக்கும் அதே பெயிண்டு போதுமுங்களா?

எஞ்சின் பிளாக்குக்கு நல்ல எனாமல் போதும். அதன் நிறம் எதுவென்பதை முதல் விடையில் சொன்ன வரலாற்றைக் கொண்டும், கிரீஸுக்கு அடியில் கிடைத்ததைக் கொண்டும் முடிவுசெய்யுங்கள். எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் சைலென்சருக்கும் சூடு தாங்கும் பெயிண்ட் தனியாக வேண்டும். சாதாரண எனாமல் அங்கே ஒரே நாளில் கருகி உரிந்துவிடும்.

எத்தனை லிட்டர் வாங்கறதுங்க?

எங்கள் வண்டிக்கு மூன்று கோட்டு அடிக்க, சிவப்பு 2 லிட்டருக்குச் சற்று மேலும், சாம்பல் 2 லிட்டரும் ஆயின. அளவைவிட முக்கியமானது, முழுவதையும் ஒரே தடவையில் கலந்து வாங்குவது. இரண்டு டப்பாவாக வந்தால், அடிக்கத் தொடங்குமுன் ஒரு பெரிய வாளியில் இரண்டையும் ஊற்றி ஒன்றாகக் கலக்கிவிடுங்கள். பாதி வேலையில் மறுபடி கலக்கப் போனால் பானெட் ஒரு சிவப்பும் மட்காடு ஒரு சிவப்புமாக முடியும்.

எந்த மாசத்துல அடிச்சா நல்லதுங்க?

தையும் மாசியும் நல்லவை. ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் புழுதியை அள்ளிக்கொண்டுவந்து ஈரப் பெயிண்டில் ஒட்டவைத்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஸ்பிரே கன்னிலிருந்து வரும் துளிகள் எங்கே போய் விழும்? ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரப்பதத்தால் டூக்கோ வெளிறிப் புகைபடர்ந்ததுபோல் ஆகிவிடும். சித்திரை வெயிலில் தின்னர் காற்றிலேயே ஆவியாகி, பெயிண்ட் சொரசொரப்பாக விழும். அப்போது மெதுவாக ஆவியாகும் தின்னர் கேட்டு வாங்க வேண்டும். எந்த மாதமானாலும் பனியீரம் முழுவதும் காய்ந்த பிறகு தொடங்கி, தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு அடியுங்கள்.

ஒரு மட்காடு மட்டும் மாத்தினனுங்க. மத்த பெயிண்டு பழசா இருந்தாலும் நல்லாத்தான் இருக்குது. அதுக்கு எந்த நிறம் அடிக்கறது?

இந்தக் கேள்வியில் மட்டும் என் விடை தலைகீழாக மாறும். மற்ற பகுதிகளை அப்படியே வைப்பதானால், டூல்பாக்ஸுக்குள் இருக்கும் பழைய நிறத்தை அடித்தால் புது மட்காடு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எதிர்ப்பக்க மட்காட்டில் காம்பவுண்ட் போட்டு, பொடி நீங்கிய பிறகு தெரியும் இன்றைய நிறத்தையே மாதிரியாகக் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள். பளபளப்பையும் அதற்கேற்பக் குறைக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் இன்னும் நிற்கும் வண்டியை முழுக்க உரித்து மினுக்குவதைவிட, இப்படி ஒட்டுப்போட்டுக் காப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஆர்.சி. புக்குல நீலமுன்னு போட்டிருக்குது, அடியில செவப்புத்தான் வருது. என்னங்க பண்றது?

வண்டியின் நிறமும் ஆர்.சி.யில் பதிவாகும் விவரங்களில் ஒன்று. முந்தைய உரிமையாளர் மாற்றிய நிறம் பதிவாகியிருக்கலாம், பதிவில் பிழையும் இருக்கலாம். மூன்றாவது விடையில் சொன்ன முறையில் தொழிற்சாலை நிறத்தை உறுதிசெய்து, படங்களும் எடுத்துக்கொண்டு, பெயிண்ட் அடிக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

முழுசா உரிச்சு அடிச்சுப் போட்டா, பின்னாடி எம்பையன் நிறம் பாக்கோணும்னா எதைப் பாப்பான்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒருவர்தான். எல்லோரும் கேட்டிருக்க வேண்டியது என்று நினைத்து இதைச் சேர்த்திருக்கிறேன். டூல்பாக்ஸின் உட்பக்கத்திலோ டேஷ்போர்டின் பின்னாலோ, உள்ளங்கை அளவு இடத்தை மறைப்பு ஒட்டி, பழைய பெயிண்டை அப்படியே விட்டுவிடுங்கள். புதிய பெயிண்ட் அடித்த தகரத் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி இருட்டான பெட்டியில் வையுங்கள். அதன் பின்புறம் பெயிண்டின் வகை, கலவையில் சேர்த்த நிறமிகளின் அளவு, அடியில் அடித்த பிரைமர், அடித்த தேதி ஆகியவற்றை எழுதிவையுங்கள். மீந்த பெயிண்டில் 200 மில்லியை விளிம்புவரை நிரம்பும் சிறிய டப்பாவில் ஊற்றி, காற்றுப் புகாமல் மூடிவையுங்கள். கீறல்களுக்குச் சில ஆண்டுகள் உதவும். எங்கள் வண்டியின் தகரத் துண்டு, அப்பாருவின் பட்டா, சிட்டா இருக்கும் இரும்புப் பெட்டியிலேயே இருக்கிறது.